சின்னச் சபைக்குப் புதிதாகப் போதகராகப் போகிறவர்களுக்கு

முப்பது நாற்பது பேர் கூடுகிற ஒரு சபையின் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இறையியல் கல்லூரியில் படித்துவிட்டு வந்திருக்கலாம், வேறு வேலை பார்த்துக்கொண்டே ஊழியத்துக்கு வந்திருக்கலாம். எப்படி வந்திருந்தாலும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சபை பெரிதாகும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அங்கே இருக்கிற எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவும், பெயர் சொல்லி ஜெபிக்கவும் உங்களால் முடியும். பெரிய சபைப் போதகர் ஆசைப்பட்டாலும் அவருக்குக் கிடைக்காத பாக்கியம் அது. ரோமருக்கு எழுதின நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் பவுல் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் பெயராக வாழ்த்துகிறார். பலர் அதை வேகமாகத் தாண்டிப் போய்விடுவோம். நிதானமாகப் படித்தால், யார் அவருக்காக உயிரையே பணயம் வைத்தார்கள், யார் வீட்டில் சபை கூடியது, யாருடைய தாய் தனக்கும் தாயாக இருந்தார் என்று பலரைப் பற்றி அவரிடம் சொல்ல ஏதாவது இருக்கிறது. கீழே சொல்லப்போகிற எல்லாமே அந்த இடத்துக்கு வந்து சேருவதற்கான வழிதான்.

முதலில் காகிதங்கள்

பொறுப்பேற்கும் முன்பே சில விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், வீட்டு வாடகை யார் பொறுப்பு, வருடத்தில் எத்தனை ஞாயிறு விடுப்பு, நீங்கள் யாருக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும், உங்கள் மேல் புகார் வந்தால் யார் விசாரிப்பார்கள். ஊழியத்துக்கு வந்துவிட்டு இதையெல்லாம் கேட்பதா என்று கூச்சமாக இருக்கும். பரவாயில்லை, கேளுங்கள். இன்றைக்குக் கேட்காமல் விட்டது இரண்டு வருடம் கழித்து மனக்கசப்பாக வந்து நிற்கும்.

அதோடு ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, கணக்குப் புத்தகம், சொத்துப் பத்திரம், கடைசியாக நடந்த சில கமிட்டிக் கூட்டங்களின் மினிட்ஸ் எல்லாம் யார் கையில் இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். திருமணம் நடத்திவைக்கச் சட்டப்படி உங்களுக்கு உரிமம் வேண்டுமா என்பதை, முதல் கல்யாணத்துக்குத் தேதி குறிக்கும் முன்பே விசாரித்துவிட வேண்டும். நீங்கள் ஆசீர்வதித்த கல்யாணம் அரசாங்கப் பதிவில் செல்லாது என்று பிற்பாடு தெரிந்தால், அலைவது அந்தத் தம்பதிதான்.

அப்புறம் மனிதர்கள்

முதல் ஆறு மாதம் எதையும் மாற்றாதீர்கள். ஆராதனை நேரம், பாட்டு, நாற்காலி போடும் விதம், அறிவிப்பு வாசிக்கும் ஆள், எதையும். உங்களுக்கு அர்த்தமில்லாததாகத் தெரிகிற ஒரு பழக்கத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு ஆளோ ஒரு மரணமோ இருக்கும். அந்த மூலையில் கிடக்கிற பழைய பெஞ்சை யாரோ தன் பிள்ளையின் நினைவாகச் செய்து கொடுத்திருப்பார். அது தெரியாமல் வெளியே தூக்கிப் போட்டால், அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு நன்றாகப் பிரசங்கித்தாலும் அந்த வீட்டார் காதில் ஏறாது. (பிள்ளைகளுக்கு ஆபத்தாக இருக்கிற விஷயமும், பணம் கையாளுகிறதில் இருக்கிற ஓட்டையும் மட்டும் விதிவிலக்கு. அவற்றை வந்த வாரமே சரிசெய்ய வேண்டும்.)

அந்த ஆறு மாதத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் எந்தப் பெயரில் கூப்பிடப்பட விரும்புகிறார், என்ன வேலை, இரவு ஷிப்டா பகல் ஷிப்டா, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் எப்போது இறந்துபோனார்கள், எதற்காக ஜெபிக்கச் சொன்னார்கள், எந்தத் தேதியில் சொன்னார்கள். தேதி முக்கியம். மூன்று வாரம் கழித்து, "அந்த ஸ்கேன் முடிவு வந்துவிட்டதா?" என்று நீங்களாகக் கேட்கிறபோது அவர் முகத்தைப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். நம்பி உங்களிடம் சொன்ன ரகசியங்களை மட்டும் அதில் எழுதவே கூடாது. நோட்டு என்றைக்காவது ஒருநாள் தொலையும், அல்லது யாராவது புரட்டிப் பார்ப்பார்கள்.

சபையைத் திறக்கிறவர், பெருக்குகிறவர், மைக் போடுகிறவர், பாட்டுக்கு வாசிக்கிறவர். இந்த நான்கு பேரிடம் முதலில் உட்கார்ந்து பேசுங்கள். சபையைப் பற்றி மூப்பர்களுக்குத் தெரியாததெல்லாம் இவர்களுக்குத் தெரியும்.

உங்கள் சொந்த ஜெபம்

மற்றவர்களுக்காக வேதத்தைத் திறந்து திறந்து, கடைசியில் தனக்காகத் திறக்க நேரமில்லாமல் போவதுதான் இந்த வேலையில் எல்லோருக்கும் வருகிற ஆபத்து. பிரசங்கத்துக்காகப் படிக்கிறதைத் தனி ஜெபக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டும் வேறு.

சுலபமான ஒரு முறை சொல்கிறேன். சங்கீதங்கள் 150. ஒரு நாளைக்கு ஐந்து என்று வாசித்தால் முப்பது நாளில் முடிந்துவிடும், அடுத்த மாதம் மறுபடி முதல் சங்கீதம். ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே சங்கீதங்களைக் காலை மாலை என்று பிரித்து ஒரு மாதத்துக்குள் முடிக்கிற ஒழுங்கு இருக்கிறது. இதில் என்ன நன்மை என்றால், உங்கள் மனநிலைக்கு ஏற்றதை மட்டும் பொறுக்கி எடுக்க முடியாது. நீங்கள் சந்தோஷமாக இருக்கிற நாளில் 88ஆம் சங்கீதம் வந்து நிற்கும், அது கடைசி வரி வரைக்கும் இருளிலேயே முடிகிற சங்கீதம். அன்றைக்கு அந்த ஜெபம் உங்களுடையதாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் உங்கள் சபையில் யாரோ ஒருவருடையதாக நிச்சயம் இருக்கும். அவர் பெயரைச் சொல்லி அதை ஜெபியுங்கள். சங்கீதம் முடிந்ததும் நோட்டில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பக்கம் புரட்டி அந்தக் குடும்பங்களுக்காக ஜெபித்தால், இரண்டு வாரத்துக்குள் முழுச் சபையையும் தேவசமூகத்தில் கொண்டுவந்துவிடலாம்.

பிரசங்கம்: திங்கட்கிழமையே தொடங்குங்கள்

சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து தயாரிப்பது என்று பழக்கப்படுத்திக்கொண்டால் அதிலிருந்து மீளவே முடியாது, ஏனென்றால் யாராவது ஆஸ்பத்திரியில் சேர்வதும் சனிக்கிழமை ராத்திரிதான்.

எதைப் பிரசங்கிப்பது என்ற குழப்பம் வாராவாரம் வேண்டாம். உங்கள் சபைப் பிரிவுக்கு வேதவாசக அட்டவணை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பல நாடுகளில் பயன்படுகிற மூன்றாண்டு அட்டவணையில் முதல் வருடம் மத்தேயு, இரண்டாம் வருடம் மாற்கு, மூன்றாம் வருடம் லூக்கா, யோவான் மூன்றிலும் இடையிடையே வரும். அட்டவணை இல்லாத சபை என்றால் ஒரு புத்தகத்தை எடுத்து வரிசையாகப் போங்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு மாற்கு நல்லது, 16 அதிகாரம்தான், சம்பவங்களாக வரும். இப்படி வரிசையாகப் போவதில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. ஒரு கடினமான பகுதி வரும்போது, "போதகர் என்னைக் குறிவைத்துத்தான் இதை எடுத்தார்" என்று யாரும் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை அந்தப் பகுதியை வாய்விட்டு மூன்று முறை வாசியுங்கள். விளக்கவுரை எதையும் தொடாதீர்கள், கண்ணில் படுகிறதை எழுதுங்கள். மாற்கு 4ஆம் அதிகாரத்தில் புயலை அமர்த்துகிற சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் தெரிந்த கதை, ஆனால் மெதுவாக வாசித்தால் 36ஆம் வசனத்தில் வேறு படகுகளும் அவரோடு இருந்தன என்று வருகிறது. மத்தேயுவும் லூக்காவும் அந்தப் படகுகளைச் சொல்வதில்லை. அப்படியானால் இயேசு ஏறியிருந்த படகுக்குள் நடந்தது எதுவும் தெரியாமல், அதே காற்றில் தத்தளித்து, அதே அமைதியைப் பெற்ற ஆட்களும் அந்தக் கடலில் இருந்தார்கள். உங்கள் சபையில் அந்த மற்றப் படகில் இருக்கிறவர் யார்? கணவன் விசுவாசத்துக்கு வராத ஒரு சகோதரியா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற ஒரு பையனா? இந்தக் கேள்வி திங்கட்கிழமை வந்துவிட்டால், செவ்வாயும் புதனும் நீங்கள் சந்திக்கிற மனிதர்களே அதற்குப் பதில் தருவார்கள். அதற்குப் பிறகு விளக்கவுரைகளைப் பாருங்கள், நீங்கள் பிடித்தது தவறா என்று சரிபார்க்க. வியாழக்கிழமை எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமை கடிகாரத்தை எதிரே வைத்துச் சத்தமாக வாசித்து, பாதியைக் குறையுங்கள்.

பிரசங்க மேடையில் இரண்டு காரியங்கள் வேண்டவே வேண்டாம். ஒன்று, "இன்றைக்குக் கூட்டம் குறைவு" என்ற புலம்பல். வராதவர்களுக்கு அது கேட்காது, மழையில் நனைந்து வந்த எட்டுப் பேர்தான் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எட்டுப் பேருக்கும் முழுப் பிரசங்கம் கொடுங்கள். இன்னொன்று, சாடையாகக் குத்துவது. முப்பது பேர் இருக்கிற இடத்தில் நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள் என்று அத்தனை பேருக்கும் தெரியும். அந்த ஆள் எழுந்து பதில் சொல்லவும் முடியாது. அது கோழைத்தனம்.

வீடு சந்திப்பு

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டர் ஊரில் போதகராக இருந்த ரிச்சர்ட் பாக்ஸ்டர், உதவியாளரோடு சேர்ந்து திங்களும் செவ்வாயும் முழுவதுமாக ஒதுக்கி, வாரத்துக்கு 15, 16 குடும்பங்கள் என்று சந்தித்து, 800க்கும் மேற்பட்ட குடும்பங்களை ஒரு வருடத்தில் முடிக்கப் பார்த்தார். உங்களுக்கு இருப்பது இருபது குடும்பம் என்றால் வாரம் இரண்டு வீடு, பத்து வாரத்தில் ஒரு சுற்று முடிந்தது. ஆக இதற்கு நேரமில்லை என்று சொல்ல நமக்கு வாயில்லை.

முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம். டிவி ஓடினால் ஓடட்டும், அணைக்கச் சொல்லாதீர்கள். பிள்ளைகளிடம் அவர்கள் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். ஒரு பெண் தனியாக இருக்கிற வீட்டுக்கோ, சின்னப் பிள்ளைகள் மட்டும் இருக்கிற வீட்டுக்கோ தனியாகப் போகாதீர்கள், யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். வசதியான வீட்டுக்கு அடிக்கடியும் இல்லாத வீட்டுக்கு எப்போதாவதும் போனால் சபை முழுக்க அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கட்டிலருகே நிற்காதீர்கள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நின்றுகொண்டே பேசினால் புறப்படத் தயாராக இருப்பதுபோல நோயாளிக்குத் தோன்றும். கையைக் கழுவிக்கொண்டு போங்கள். "எதற்காக ஜெபிக்கட்டும்?" என்று கேளுங்கள், பதில் நீங்கள் நினைத்ததாக இருக்காது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் படுத்திருக்கிறவர் தன் வியாதியை விட்டுவிட்டு மகளின் வேலைக்காக ஜெபிக்கச் சொல்வார். அதற்காகத்தான் ஜெபிக்க வேண்டும். மருந்தை நிறுத்தச் சொல்லவோ, விசுவாசம் இருந்திருந்தால் குணமாகியிருக்கும் என்று ஜாடை காட்டவோ எந்தப் போதகருக்கும் உரிமை இல்லை. பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியன் என்று கொலோசெயர் நிருபமே சொல்கிறது.

மரண வீடு

உங்கள் முதல் மரணம் எப்போது வரும் என்று தெரியாது. செய்தி வந்ததும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். போய் என்ன பேசுவது என்ற பயம் வேண்டாம், பேச வேண்டியதில்லை. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் செய்தது சரி, வாயைத் திறந்த பிறகுதான் தப்பு ஆரம்பித்தது. "தேவனுக்கு அவர் தேவைப்பட்டார்", "எல்லாம் நன்மைக்கே" என்பதையெல்லாம் அங்கே சொல்லாதீர்கள்.

அழுகை கொஞ்சம் அடங்கினதும் குடும்பத்தாரில் ஒருவரைத் தனியாகக் கூட்டிப்போய், இறந்தவரின் முழுப் பெயரை எழுதி வாங்கி, உச்சரிப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பெயர்களையும் மூத்தவரிலிருந்து வரிசையாக வாங்குங்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் முதலில் பொதுவாக "நல்ல மனுஷன்" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். சைக்கிளைத் தானே பிரித்துப் போட்டு மாட்டுவார், சட்டைப் பையில் எப்போதும் பேரனுக்கு மிட்டாய் இருக்கும் என்று ஏதாவது ஒன்று வரும். அடக்க ஆராதனையில் அந்த ஒன்றைச் சொன்னால் போதும். இறந்தவர் சபைக்கே வராதவர் என்றால் அவரை விசுவாச வீரராக ஆக்கவும் வேண்டாம், நியாயம் தீர்க்கவும் வேண்டாம். யோவான் 11, 14, சங்கீதம் 23, 90, 1 கொரிந்தியர் 15 இவற்றில் ஒன்றை வாசித்து, உயிர்த்தெழுதலைச் சொல்லுங்கள். தைரியமாகச் சொல்லுங்கள், அந்த நம்பிக்கைக்காகத்தான் நீங்கள் அங்கே நிற்கிறீர்கள்.

கல்லறைக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய், எங்கே நிற்பது, தரை வழுக்குமா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். மைக் இருக்காது. காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் குரல் போய்ச் சேரும். வாசிக்கிற பக்கத்தில் கிளிப் மாட்டிக்கொள்ளுங்கள்.

எல்லோரும் வந்துபோய் வீடு காலியாகிற மூன்றாவது நான்காவது வாரத்தில்தான் நீங்கள் கட்டாயம் போக வேண்டும். அதற்கும், வருஷம் திரும்புகிற நாளுக்கும் இன்றைக்கே போனில் நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

பணமும் ரகசியமும்

காணிக்கையை நீங்கள் எண்ணாதீர்கள். ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்துப் போட்டு, வங்கியில் கட்டட்டும். யார் எவ்வளவு கொடுக்கிறார் என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பது உங்களுக்கு நல்லது. யாராவது கையில் பணத்தைத் திணித்து "சபைக்கு" என்றால் அங்கேயே ரசீது. எருசலேம் விசுவாசிகளுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தைப் பவுல் தனியாகக் கையாளாமல், யாரும் குற்றம் சொல்ல இடம் வரக்கூடாது என்று சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் சேர்த்துத்தான் அனுப்பினார். 2 கொரிந்தியர் 8ஐக் கமிட்டியோடு சேர்ந்து வாசியுங்கள், பாதி வாக்குவாதம் அதிலேயே முடியும்.

உங்களிடம் சொன்னதை மனைவியிடமோ கணவரிடமோகூடச் சொல்லாதீர்கள், "ஜெபத்துக்காக" என்ற பெயரிலும் சொல்லாதீர்கள். ஆனால் எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று யாருக்கும் முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது, ஒரு வீட்டில் அடி உதை நடக்கிறது, ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள யோசிக்கிறார் என்றால் அதை ஜெபத்தோடு மட்டும் விடக்கூடாது. உங்கள் நாட்டுச் சட்டப்படி யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும். அடிபட்டவரைச் சபையின் பெயர் கெட்டுவிடும் என்று வாயடைக்கிற போதகர் மேய்ப்பனே அல்ல.

சண்டை வரும்போது

மத்தேயு 18:15 சொல்கிற வரிசைதான்: முதலில் அவரும் நீங்களும் மட்டும். ராத்திரி வருகிற நீளமான வாட்ஸ்அப் செய்திக்கு ராத்திரியே பதில் எழுதாதீர்கள். காலையில் போன் பண்ணி, "வந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் தூது போகாதீர்கள், இருவரையும் ஒரே அறையில் உட்காரவையுங்கள். பெயரில்லாத கடிதம் வந்தால் நம்பகமான ஒரு மூப்பரிடம் காட்டுங்கள். யாருக்காவது ஆபத்து என்று அதில் இருந்தால் விசாரியுங்கள், மற்றபடி விட்டுவிடுங்கள்.

வேலை, வீடு, ஓய்வு

சின்னச் சபையால் முழுச் சம்பளம் கொடுக்க முடியாமல் வேறு வேலையும் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். அதில் எந்தத் தாழ்வும் இல்லை, பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்தார். ஆனால் எந்த நேரத்தில் நீங்கள் கிடைப்பீர்கள் என்பதைச் சபைக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நீங்களே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்வது பக்தி ஆகாது. மோசேயைப் பார்த்து "நீர் செய்கிறது சரியல்ல, தளர்ந்துபோவீர்" என்று சொல்ல மாமனார் எத்திரோ வர வேண்டியிருந்தது (யாத்திராகமம் 18). நாற்காலி போடுவது, பதிவேடு எழுதுவது, நோயாளிகளைப் பார்ப்பது என்று ஒவ்வொன்றையும் ஒருவரிடம் கொடுங்கள். அவர் உங்களைவிடச் சுமாராகச் செய்தாலும் திரும்ப வாங்காதீர்கள்.

உங்களைத்தான் சபை அழைத்தது, உங்கள் துணையை அல்ல. பாட வேண்டும், ஞாயிறு பள்ளி நடத்த வேண்டும் என்று யாராவது எதிர்பார்த்தால் அந்தப் பேச்சை நீங்கள்தான் நிறுத்த வேண்டும். பிள்ளைகளைப் பிரசங்க உதாரணமாக்கும் முன் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். வாரத்தில் ஒருநாள் முழு விடுப்பு எடுங்கள், மரணம், விபத்து தவிர வேறு எதற்கும் அதை உடைக்காதீர்கள்.

விசுவாசம் வறண்டு போகிற காலமும் வரும். ஜெபத்தில் வாய் அசையும், மனசு அசையாது. 1 இராஜாக்கள் 19இல் எலியா சாகவேண்டும் என்று படுத்துக்கொண்டபோது தூதன் அவனுக்குப் போதனை எதுவும் செய்யவில்லை, சாப்பிடச் சொன்னான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஆகவே முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பாருங்கள். வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள், அது அவிசுவாசம் இல்லை. உங்கள் சபைக்கு வெளியே, உங்களை வேலையை விட்டு எடுக்கவோ புகழவோ அவசியமில்லாத ஒரு மூத்த போதகரை நட்பாக்கி, மாதம் ஒருமுறையாவது போய்ப் பேசுங்கள். இந்த ஆளை நன்றாக இருக்கும்போதே தேடி வைத்துக்கொள்ள வேண்டும். உடைந்துபோன பிறகு தேடினால் யாரிடம் போவது என்றே தெரியாது.

கிளம்புகிற நாள் வந்தால்

ஒருநாள் மாற்றலோ ஓய்வோ வரும். பதிவேடுகள், சாவிகள், வங்கிக் கையெழுத்து மாற்றம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். யாருக்கு என்ன உதவி பாதியில் நிற்கிறது என்று அடுத்து வருகிறவருக்கு ஒரு பக்கம் எழுதி வையுங்கள். யார் தொல்லை கொடுப்பார் என்று மட்டும் எழுதாதீர்கள், அவரே பார்த்துக்கொள்ளட்டும். அதன்பின் பழைய விசுவாசிகள் போன் பண்ணிப் புதியவரைப் பற்றிக் குறை சொன்னால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், "அவரிடமே பேசுங்கள்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். கல்யாணத்துக்கு வந்து நீங்கள்தான் நடத்திவைக்க வேண்டும் என்று கூப்பிட்டால், புதிய போதகர் தானாக அழைத்தால் மட்டும் முன்னே போங்கள். இல்லாவிட்டால் கல்யாணத்துக்குப் போய் மற்றவர்களோடு உட்கார்ந்து பாடிவிட்டு வாருங்கள்.